கௌனாஸ் ஓட்டலில் மூன்றாவது கட்டில்

பெர்கன், நார்வே

அன்புள்ள அம்மாவுக்கு யுர்கா வணக்கத்துடன் எழுதுவது. உன் முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். மீன் ஆலையில் குளிர்தான் அதிகம். பேச்சுத் துணையும் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வீட்டைப் பூட்டிவிட்டு ஓட்டலில் தங்கினால், அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அந்த வருஷம் இறந்தவருக்கென்று வைக்கும் தட்டைத் தேடி அப்பா எங்கே வருவார் என்று கேட்டாய். அந்த வீட்டில் இந்த முறை நம்மால் சாப்பிட உட்கார முடியாது அம்மா. கௌனாஸில் லிஃப்ட் இருக்கிற ஓட்டலாகப் பார்த்திருக்கிறேன். பீட்ரூட் சூப்பும் ஹெர்ரிங் மீனும் அறைக்கே வந்துவிடும்.

இரண்டு கட்டில் போதும் என்று சொல்ல நேற்று போன் செய்தேன். பெயரைச் சொன்னதும் வரவேற்பில் இருந்த பெண் சிரித்தாள்.

"மூணு கட்டில் போட்டாச்சுங்க. உங்க அப்பா காலையிலயே பேசிட்டாரே. உங்கம்மாவுக்கு ஜன்னல் பக்கம் வேண்டாம், இருமல் வந்துரும்னார்."

வேறு யாருடைய அப்பாவோ என்று நினைத்துக்கொள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். கட்டிலை மட்டும் எடுக்கச் சொல்லவில்லை.

வரும்போது கறுப்பு ரொட்டி கொண்டு வா, இங்கே கிடைப்பது வாயில் வைக்க முடியவில்லை. அப்பாவின் கம்பளிக் காலுறையையும் எடுத்துக்கொள். கால் சில்லிடுகிறது என்று கூடுதலாக ஒரு போர்வை கேட்டாராம்.

பஸ் வந்துவிட்டது. ஒன்று மட்டும் சொல் அம்மா: அப்பாவைப் பெட்டியில் வைக்கும்போது புது ஷூ மாட்டிவிட்டாயே, உள்ளே காலுறை போட்டாயா?

யுர்கா