முழங்கை இடித்த இடம்

அன்று அஞ்செட்டி போகும் பஸ்ஸில் நான் உங்களிடம் சொல்லாமல் விட்டது இதுதான்: "அக்கா, நீங்கள் இன்று வாயை மட்டும் அசைத்தால் போதுமாம்."

இன்று பையைக் கொட்டியபோது அந்தப் பாட்டுத்தாள் வந்தது. மூச்சு வாங்கும் இடங்களில் உங்களுக்குப் பென்சில் கோடு, எனக்கு வட்டம். நீங்கள் இறந்துபோய் எட்டு மாதம் ஆகிறது. கோடுகள் இன்னும் அழியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாடும் கம்பெனி ஆட்கள் நாம். ஓசூரைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போய், அங்குள்ளவர்கள் பாட்டைக் கற்று, அவர்கள் முன்னாலேயே பாடுவோம். அஞ்செட்டிப் பெண்கள் மாடு ஓட்டி வரும்போது பாடும் பாட்டை மூன்று குரலாகப் பிரித்திருந்தோம். கடைசி நீள வரி நம் இருவருக்கு மட்டும். மூச்சு வாங்குமுன் ஒருவர் மற்றவர் முழங்கையை இடிக்க வேண்டும். மற்றவர் குரலை விடாமல் பிடிக்க வேண்டும்.

பஸ் ஏறுமுன் குழுவை நடத்தும் ரவி சார் என்னைத் தனியே அழைத்தார். "பிரஸ் ஷாப்புல தகடு அடிக்கிற மெஷின் சத்தத்துல அவங்களுக்குக் காது போயிடுச்சும்மா. சுருதி இறங்குது. பக்குவமா சொல்லிடு. கடைசி வரிய ரெண்டா உடைச்சு, நடுவுல மூச்சு வாங்கி, நீ ஒருத்தியே பாடிக்கோ."

நான் வந்து உட்கார்ந்ததும் நீங்கள் புளிப்பு மிட்டாயை நீட்டினீர்கள். "என்னா புள்ள, மூஞ்சி தொங்குது? வாந்தி வருதா? ஜன்னல் பக்கம் வா. என் புது சேலையில எடுத்துடாத."

சிரித்தேன். சொல்லவில்லை. நீங்கள் பாடட்டும் என்று நினைத்தேனா, சொல்லப் பயந்தேனா? இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது.

பள்ளிக்கூட மைதானத்தில் எல்லோரும் சேர்ந்து பாடியபோது அதில் உங்கள் குரல் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. கடைசி வரி வந்தது. பாதியில் உங்கள் முழங்கையை இடித்து மூச்சு வாங்கினேன். ஒரு சத்தமும் இல்லை. உங்கள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

அந்த வெற்றிடத்தில், எதிரே உட்கார்ந்திருந்த பெண்கள் பாட்டை எடுத்துக்கொண்டார்கள். எடுத்து, நாம் கற்காத வரிகளுக்கும் போனார்கள். அப்போதுதான் நீங்கள் பாடினீர்கள், அவர்களோடு, தொண்டை நிறைய. சுருதி எங்கே நின்றது என்று யாரும் பார்க்கவில்லை. பாடிக்கொண்டே என் முழங்கையை இடித்தீர்கள். நான் பிடிக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன்.

பிறகு அந்தப் பெண்களில் ஒருத்தி சொன்னாள்: "நீங்க நிறுத்தினீங்க, நாங்க எடுத்துக்கினோம். ஒருத்தர் மூச்சு விட்டா இன்னொருத்தர் எடுக்கணும். பாட்டுன்னா அப்படித்தானுங்களே?"

"அக்காகிட்ட நீங்க சொன்னீங்களா சார்?" என்று ரவி சாரிடம் கேட்டேன். "நானா? நீ சொல்லிட்டேன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

அப்படியானால் உங்களுக்கு யார் சொன்னது? அவர் பேசியது காதில் விழுந்ததா, விழாத காதில்? என் தொங்கிய முகம் சொல்லிவிட்டதா? இல்லை, நீங்களாகவே முடிவு செய்து வந்தீர்களா? அந்த இடிக்கு என்ன பொருள் அக்கா? பிடி என்றா, போகட்டும் விடு என்றா? எத்தனை முறை யோசித்தாலும் ஒரு முறை ஒன்றாகவும் மறுமுறை வேறாகவும் படுகிறது. இப்போதும் நீள வரி வந்தால் என் இடது முழங்கை தானாகக் கொஞ்சம் விலகி நிற்கிறது.

அடுத்த ஞாயிறு உங்களுக்கு இடம் விட்டு நின்றேன். நீங்கள் வரவில்லை. ஷிஃப்ட் மாறிவிட்டது என்று சொல்லியனுப்பியிருந்தீர்கள். மாறவில்லை. திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ்ஸில் வழக்கம்போல எனக்கு ஜன்னல் பக்கம் இடம் பிடித்து வைத்திருந்தீர்கள். பாட்டைப் பற்றி இருவரும் பேசவில்லை. அதன் பிறகு நீங்கள் எங்களோடு பாடவேயில்லை.