டி-ஷர்ட் கோதடி

இதனால் கராடி ஏரியா ஃபிளாட்டின் ஒரே ஆண் பிரஜையான ஹரீஷ் அவர்களுக்கு அறிவிப்பது: சரித்திரப் புகழ் பெறப்போகும் ஒட்டுத்துணிக் கோதடி, அதாவது இந்த மராத்தி ஊர்ப் போர்வை, நேற்று தைத்து முடிந்தது. உங்கள்மேல் போர்த்தியிருப்பது அதுதான்.

"என் பதினெட்டு வருஷ சர்வீஸையே வெட்டிட்டியேடி!" என்று போன மாசம் கத்தினீர்கள். அன்றிலிருந்து என்னிடம் வெறும் 'ம்' மட்டும்தான். சர்வீஸை வெட்டிய புண்ணியம் கம்பெனியைச் சேரும். நான் வெட்டியது, போனஸ் கேட்டபோதெல்லாம் அவர்கள் கொடுத்த கலர் கலரான டி-ஷர்ட்டுகளை. 'நாம் ஒரே குடும்பம்' என்ற வாசகத்தைக் கால்மாட்டில் வைத்துத் தைத்திருக்கிறேன், தாராளமாக மிதிக்கலாம்.

குக்கரில் பொங்கல் இருக்கிறது. நீலச் சட்டை இஸ்திரி போட்டாகிவிட்டது. இன்டர்வியூவுக்குக் கிளம்பும்போது சாவியை எதிர்வீட்டு மராத்தி மாமி ஷுபா காக்குவிடம் கொடுங்கள்.

வேலை போனபிறகு நேற்றுதான் குறட்டை விட்டுத் தூங்கினீர்கள். எழுப்ப மனசு வரவில்லை, அதனால்தான் இந்தச் சீட்டு.

கனகா

பி.கு.: கோபம் தீர்ந்தால் போன் செய்யுங்கள். தீராவிட்டாலும் இன்டர்வியூ என்னாச்சு என்று சொல்லுங்கள்.

இன்னொன்று: கோதடி ஒரு சாண் குட்டை. உங்கள் கால் அந்த வாசகத்தைத் தாண்டி வெளியேதான் நிற்கும்.