தடைப் பட்டியலில் என் பெயர்

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கடவுளைக் கேட்டுக்கொள்கிறேன்.

உறையின் மேல் உன் பெயர் மட்டும் இருப்பதைப் பார்த்துப் பயந்திருப்பாய். பதினொரு வருடமாக உங்கள் வீட்டுக்கு நான் எழுதிய கடிதங்கள் எல்லாம் என் மகன் பெயருக்குத்தான் வந்திருக்கின்றன. கடைசி வரியில் இடம் மிஞ்சினால், உன் மனைவியையும் கேட்டதாகச் சொல் என்று எழுதியிருப்பேன். பயப்படாதே. இந்தக் கடிதத்தில் குற்றம் இருக்கிறது, ஆனால் உன்னுடையது எதுவும் இல்லை.

இங்கே பத்து நாளாக விடாத மழை. சமையலறைச் சுவரில் ஈரம் ஊறி, குழாய்க்காரர் மூன்று முறை வந்து போனார். மூன்றாவது முறை, “ஒழுகறது குழாய் இல்லம்மா, வீடே ஒழுகுது” என்று சொல்லிவிட்டுப் போனார். உண்மையைச் சொல்ல மூன்று நாள் எடுத்துக்கொண்டாரே என்று கோபம் வந்தது. பிறகு, நான் எடுத்துக்கொண்டது இரண்டு மாதம் என்பது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன்.

நேற்றுக் காலை கப்பல் கம்பெனியிலிருந்து பதிவுத் தபால் வந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு, “நல்ல சேதியாம்மா?” என்று தபால்காரர் கேட்டார். நான் பிரித்துப் படித்துவிட்டு, “ரொம்ப நல்ல சேதி. ஆயுசு முழுக்க என்னைக் கப்பல்ல ஏத்த மாட்டாங்களாம்” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

உன் பெயரைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். எழுபத்தாறு வயதுக்காரிக்கு ‘வாழ்நாள் முழுவதும்’ என்று எழுதியிருக்கிறார்கள். நான் நெடுநாள் இருப்பேன் என்று நம்புகிறார்களே, அந்தமட்டில் சந்தோஷம்.

நாம் இருவரும் போன கப்பலில் அந்தக் காலையில் நடந்தது உனக்குத் தெரியும். இருந்தாலும் என் கையால் ஒரு முறை எழுதியாக வேண்டும். ஆஸ்பத்திரியில் என் வார்டில் ஒரு தெர்மாமீட்டர் உடைந்தாலும் உடைத்த நர்ஸ் ஒரு மணி நேரத்துக்குள் பிரேக்கேஜ் நோட்டில் தானே எழுத வேண்டும். என்ன உடைந்தது, எப்போது, எப்படி, யாரால். ‘உடைந்துவிட்டது’ என்று எழுதினால் அதை அடித்துவிட்டு ‘உடைத்துவிட்டேன்’ என்று எழுதச் சொல்வேன். இருபத்தெட்டு வருடம் மேட்ரனாக அந்த நோட்டை வைத்திருந்தேன். அதில் என் கையெழுத்தில் ஒரு வரிகூட இல்லை என்பதில் எனக்குப் பெரிய பெருமை.

பயணத்துக்கு முன்னால் கப்பலுக்குக் கொண்டுவரக் கூடாத பொருள்களின் பட்டியலை நீ தொலைபேசியில் எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினாய். மூன்றாவது பொருள் இஸ்திரிப் பெட்டி. புரிந்தது என்று சொன்னேன். சொல்லிவிட்டு, மடக்குக் கைப்பிடி வைத்த என் சின்னப் பெட்டியைத் துண்டில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தேன். கவனக்குறைவானவர்களுக்காகப் போட்ட விதி அது, எனக்கு எதற்கு என்று நினைத்தேன். அறுபது வருடமாகத் தினமும் இஸ்திரி போடுகிறவள், ஒரு துணியைக்கூடத் தீய்த்ததில்லை. கசங்கிய சீருடையோடு வந்தால் கான்வென்ட்டில் எங்களை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். அந்தப் பயம் இன்னும் என் முதுகெலும்பில் இருக்கிறது. நர்ஸ்கள் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு வைத்திருந்த பெயரே ‘இஸ்திரிப் பெட்டி’தான். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

துறைமுகத்தில், நெடுந்தூரம் நடக்க முடியாமல் சக்கர நாற்காலியில் வருகிற வயதானவள் என்று என் கைப்பையை மேலோட்டமாகப் பார்த்து அனுப்பினார்கள். அந்த மரியாதையை நான் தப்பாகப் பயன்படுத்திக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை ஆறே முக்காலுக்கு நீ குளிக்கப் போனாய். நான் கட்டிலின் மேல் துண்டை விரித்து, நீல நிறப் பருத்திப் புடவைக்கு இஸ்திரி போட்டேன். பாதி முடிந்தபோது, காற்று வாங்கலாம் என்று பால்கனிக்குப் போனேன். கீழ்த்தளத்தில் ஒருவர் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். நன்றாகத்தான் கழுவினார். ஆனால் படிக்கட்டின் ஓரம் ஒரு மூலையை விட்டுவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. கை தட்டிக் கூப்பிட்டேன். நிமிர்ந்து பார்த்தார். விரலை நீட்டிக் காட்டினேன். அவருக்குப் புரியவில்லை. மறுபடி காட்டினேன். ஊரான் தரையின் மூலைக்கு நான் நியாயம் கேட்டுக்கொண்டிருந்த அந்த ஐந்து நிமிடமும், என் இஸ்திரிப் பெட்டி புடவையின் மேல் குப்புறக் கிடந்தது.

பிறகு அலாரம். புகை. நடைவழி முழுக்க லைஃப் ஜாக்கெட்டும் இரவு உடையுமாக ஜனங்கள். புடவை, துண்டு, விரிப்பு எல்லாவற்றையும் தாண்டி மெத்தையில் உள்ளங்கை அளவுக்குக் கருகிய ஓட்டை. மூன்று தளத்து ஆட்களை முக்கால் மணி நேரம் ஒன்றுகூடும் இடத்தில் நிற்க வைத்தார்கள் என்று அப்புறம் கேள்விப்பட்டேன். அதில் கைக்குழந்தைகளும் இருந்தனவாம்.

பாதுகாப்பு அதிகாரி உள்ளே வந்தார். வெள்ளைச் சீருடை, கத்தி முனை போல மடிப்பு. அந்த நேரத்திலும் அதைத்தான் கவனித்தேன், பார். இது யாருடையது என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் நீ தலை நிறைய சோப்பு நுரையோடு குளியலறையிலிருந்து ஓடிவந்து, “என்னோடது. அத்தைக்கு இதப்பத்தி ஒண்ணுமே தெரியாது” என்றாய்.

நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

உன் மாமனார் இருந்திருந்தால், “ஐயோ, அவ இல்லைங்க, இவதான்” என்று அங்கேயே என்னைக் காட்டிக்கொடுத்திருப்பார். அவரும் இல்லை. அதிகாரி நீட்டிய தாளில் நீ கையெழுத்துப் போட்டாய். கண்ணில் சோப்பு இறங்கி, எந்த இடத்தில் போடுவது என்றுகூட உனக்குத் தெரியவில்லை. நான் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு, மாமியாரின் மானத்தோடு உட்கார்ந்திருந்தேன். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். நான் உடைத்த குடத்தை நீ பொன்குடமாக்கி உன் தலையில் ஏற்றிக்கொண்டாய்.

மறுநாள் அடுத்த துறைமுகத்தில் நம்மை இறக்கிவிட்டார்கள். மேல்தளத்தில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். நீ ஒரு கையால் என் நாற்காலியைத் தள்ளி, மறு கையால் இரண்டு பெட்டியையும் இழுத்தாய். யாரோ உன்னைப் பார்த்து, வயசானவங்களையும் சேர்த்துக் கொல்லப் பார்த்தாளே என்றார்கள். உன் காதில் விழுந்தது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நாற்காலி ஒரு கணம் நின்றது. பிறகு குனிந்து, “அத்தை, தண்ணி குடிக்கிறீங்களா?” என்று கேட்டாய். அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. தாகமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகாவது என் மகனிடம் உண்மையைச் சொல்லியிருப்பாய் என்று நினைத்தேன். அவன் தொலைபேசியில், “அவளுக்குப் புத்தியே இல்லம்மா, ஊர் முன்னாடி உங்களுக்கு இப்படி ஒரு அவமானத்தை உண்டாக்கிட்டாளே” என்றபோதுதான் நீ சொல்லவில்லை என்று தெரிந்தது. அப்போதும் நான், போகட்டும் விடு என்றேன். பெருந்தன்மையாகச் சொன்னேன். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றும் நாக்கு கசக்கிறது.

போன மாதம் அவன் பேச்சோடு பேச்சாக, உன் சுற்றுலா நிறுவனத்தில் உன்னிடமிருந்து கடல் சுற்றுலாக்களை எடுத்துவிட்டு டிக்கெட் கவுண்டரில் உட்கார வைத்துவிட்டார்கள் என்றான். கப்பலில் ஏறத் தடை வாங்கியவள் எப்படிக் கப்பலுக்கு ஆட்களை அழைத்துப் போவாள்? அந்தப் பொறுப்புக்காக நீ ஏழு வருடம் காத்திருந்தாய் என்பது எனக்குத் தெரியும். அது கிடைத்த சந்தோஷத்தில்தான் என்னையே முதலில் கூட்டிப்போனாய். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாளே கம்பெனியின் கிளை அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடி அறைக்குள் ஓர் அதிகாரி இருந்தார். நான் எழுதிக்கொண்டுபோன தாளை அவர் முன்னால் வைத்தேன். பொருள்: மெத்தை ஒன்று, விரிப்பு ஒன்று, மூன்று தளத்துப் பயணிகளின் காலைப் பொழுது. நேரம்: காலை ஆறு ஐம்பத்தைந்து. விதம்: விதி தெரிந்தே மீறியதும் கவனக்குறைவும். செய்தவர்: கீழே கையொப்பமிட்டிருப்பவர்.

அவர் இரண்டு முறை படித்தார். “என்னம்மா இது, எல்லாரும் தடையை எடுக்கச் சொல்லித்தான் வருவாங்க. நீங்க போடச் சொல்லி வந்திருக்கீங்க” என்றார். சேர வேண்டியவர் தலையில் சேர்த்துவிடுங்கள் என்றேன். உங்கள் மருமகள் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அதை எப்படி மாற்றுவது என்று கேட்டார். எரிந்தது யாருடைய புடவை, அந்த நேரத்தில் குளியலறையில் இருந்தது யார், இதெல்லாம் உங்கள் கப்பலின் அறிக்கையிலேயே இருக்கும், யாரும் படித்துப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். பழைய மேட்ரன் குரல் வந்துவிட்டது போலிருக்கிறது, பக்கத்து மேசைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

நாலு தடவை அலைந்தேன். கடைசியில் கப்பலுக்கே எழுதி விசாரித்தார்கள். தரை கழுவியவரையும் கேட்டிருக்கிறார்கள். கை தட்டிக் கூப்பிட்ட அம்மாவை எப்படி மறப்பேன், அந்த மூலையைத் தினமும் இரண்டு தடவை கழுவுகிறேன் என்றாராம். அவருக்கும் ஒரு மன்னிப்புக் கடிதம் அனுப்பியிருக்கிறேன்.

நீ பொய் சொன்னதற்காக உனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வரும். வாங்கிக்கொள். பொய் பொய்தான். அதில் உனக்குச் சலுகை வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

என் மகனிடம் நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நம்பாமல் இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னான். பிறகு, “நான் அவள என்னென்னவோ சொல்லிட்டேனேம்மா” என்றான். என்னிடம் சொல்லி என்ன பயன், பக்கத்து அறையில் இருக்கிறாளே, போய்ச் சொல் என்றேன். இன்னும் சொல்லவில்லை என்றால் இந்தக் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் அவன் தட்டுக்குப் பக்கத்தில் வை.

உன் மேலாளரிடமும் பேசினேன். உன்னைக் கேட்காமல் பேசியது தப்புதான். அடுத்த மாதம் பதினேழாம் தேதி முப்பத்திரண்டு பேரோடு போகிற கப்பல் பயணத்துக்கு உன்னைத்தான் அனுப்ப நினைக்கிறார். ஆனால், “அவங்களே எனக்கு இனிமே கடல் வேணாம்னு சொல்லிட்டாங்கம்மா, ஒத்துக்குவாங்களா தெரியல” என்றார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தடையை ஒரு தாளில் எழுதி எடுத்துவிடலாம். நீயே உனக்குப் போட்டுக்கொண்டதை யார் எடுப்பது?

நீ எனக்குச் செய்ததற்கு நன்றி. கல்யாணமாகி வந்த முதல் வாரமே உன் அலமாரியைத் திறந்து, நீ மடித்த விரிப்புகளை உன் கண் முன்னாலேயே பிரித்துத் திரும்ப மடித்தவள் நான். அதை மனதில் வைத்துக்கொள்ளாமல் எனக்காக முன்னால் வந்து நின்றாய். இந்த இரண்டு மாதத்தில் ஞாயிறுதோறும் தொலைபேசியில் என் உடம்பைப் பற்றிக் கேட்டாயே தவிர, அந்தக் காலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உன்னைப் பெற்றவர்களுக்கும் நன்றி. இப்படி ஒரு பெண்ணை வளர்க்க எனக்குத் தெரிந்திருக்காது.

இன்னொரு செய்தி. என் பித்தப்பையில் கல் இருக்கிறதாம். பயப்படும்படி ஒன்றுமில்லை, எடுத்துவிடலாம், ஆனால் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். கூட இருப்பவர் பெயரைப் படிவத்தில் கேட்டார்கள். என் மகன் ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுவான். அவனைப் பார்த்துக்கொள்ள இன்னொரு நர்ஸ் வேண்டும். அதனால் உன்னைக் கேட்காமலேயே உன் பெயரை எழுதிவிட்டேன். உறவு என்ற இடத்தில் என்ன எழுதினேன் என்பதை நீ வந்து பார்த்துக்கொள். பிடிக்கவில்லை என்றால் அடித்துவிடு.

டாக்டர் இந்த மாதமே செய்துவிடலாம் என்றார். முடியாது என்றேன். உன் கப்பல் இருபத்தாறாம் தேதி கரைக்குத் திரும்புகிறது. நான் இருபத்தொன்பதுக்குத் தேதி வாங்கியிருக்கிறேன். கல்தானே, காத்திருக்கும். நீ முப்பத்திரண்டு பேரையும் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வாம்மா.

உனக்கு எல்லா நலமும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும்
அத்தை