வராத மெஷின் வந்து விழுந்தது

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதினால் பேனாவே சிரிக்கும், ஆனால் உயிரோடு இருக்கிறோம், உங்கப்பா காலையில் இரண்டு வாய் சோறு தின்றார், நர்ஸைத் திட்டினார், அதனால் பயப்படாதே. போனில் நீ கத்துகிறாய், நீ கத்தினால் நானும் கத்துவேன், ஆஸ்பத்திரி வராந்தாவே திரும்பிப் பார்க்கிறது, அதனால்தான் இதை எழுதி, படம் பிடித்து அனுப்பும்படி உன் தங்கையிடம் சொல்கிறேன். டிக்கெட் எடுத்துவிட்டாயாம், வந்து அந்தக் கண்ணாடிக் கடைக்காரன் இரண்டு கையையும் ஒடித்துவிட்டுத்தான் மறுவேலை என்றாயாம். முதலில் இதை முழுக்கப் படி.

நம் கடை மெஷின்களை நெட்டில் விற்க நீ வழி செய்து கொடுத்தபோதே தலைபாடாக அடித்துக்கொண்டாய், கூரியர் ரசீது இல்லாமல் ஒரு பெட்டியும் வாசல் தாண்டக்கூடாது, வாங்கினவர் கையெழுத்து வேண்டும் என்று. உங்கப்பா கேட்டாரா? தையல் மெஷினைக் கண்டவன் தூக்கிப் போட்டால் ஊசித்தண்டு சாய்ந்துவிடும் என்பார், தானே தோளில் சுமந்து போய் மேஜைமேல் உட்கார வைத்து, நூல் கோத்து, முதல் தையலைத் தானே போட்டுக் காட்டினால்தான் அவருக்கு வியாபாரம் முடிந்த மாதிரி. அந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன் வீட்டுக்கும் அப்படித்தான் கை மெஷினைக் கொண்டுபோய் வைத்தார். கையெழுத்து வாங்கினீங்களா என்று கேட்டேன், தண்ணி குடுத்து உபசரிச்ச மனுஷன்கிட்ட கையெழுத்துக் கேட்டா நம்பாத மாதிரி ஆயிடாதா என்றார். நம்பினார், அவர் நெற்றியிலேயே அவன் நாமம் போட்டான். மெஷின் வரவே இல்லை என்று பேமெண்ட் கம்பெனியில் புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டான். கண்ணாடி விற்கிறவனுக்கே கண் தெரியவில்லை பார். கம்பெனியோ வெள்ளிக்கிழமைக்குள் ஆதாரம் காட்டு, இல்லாவிட்டால் கடை அக்கவுண்டையே மூடுவோம் என்கிறது. மூடினால் மீதி மெஷின்களை யாருக்கு விற்பது, வயிற்றில் ஈரத்துணிதான்.

நேரில் கேட்டால் கொடுத்துவிடுவான் என்று உங்கப்பா கிளம்பினார், தனியாக விட மனசில்லாமல் நானும் போனேன். வேறொரு வீட்டு மெஷினுக்கு வாங்கின புதுத் தோல் பெல்ட் என் கையில் சுருட்டியிருந்தது, அதை நினைவில் வை. மாடிப்படி ஏறி வாசலில் நின்றோம். எந்த மெஷின், யார் நீங்கள் என்று அவன் கேட்டுக்கொண்டிருக்கும்போதே உள்ளறையில் கடகடவென்று தைக்கிற சத்தம். உங்கப்பா முகம் மாறிவிட்டது, அது என் மெஷின், அந்தச் சத்தம் எனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய் தைத்துக்கொண்டிருந்த அவன் பெண்டாட்டி முன்னாலிருந்து அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார். படி முனையில் அவன் மெஷினைப் பிடுங்கிக்கொண்டு உங்கப்பா முதுகில் ஓங்கி உதைத்தான். உருண்டார்டா, ஒவ்வொரு படியிலும் தலை இடித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கீழே குப்புறக் கிடந்தவர் கையை ஊன்றி எழுவதற்குள் மேலிருந்து மெஷினை அவர் மேலேயே எறிந்தான். அத்தனை இரும்பும் வலது கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது, ரத்தம் படியோரமாக வாசல்வரை ஓடியது. எனக்குக் கண் இருட்டிவிட்டது. இறங்கி வந்தவன் முகத்தில் பெல்ட்டால் இழுத்தேன். காது கிழிந்தது, கன்னம் தடித்தது, கையால் மறைத்தான், கைமேலும் விழுந்தது, உட்கார்ந்துவிட்டான், அப்புறமும் விடவில்லை. பக்கத்துக் கடைக்காரர் வந்து என் இடுப்பைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் நான் இன்றைக்கு ஜெயிலில் இருந்துதான் எழுதியிருப்பேன். பாவம் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை, பொய் சொல்ல மாட்டேன். உங்கப்பாவுக்கு மூன்று விரலுக்கு உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள், ஒட்டும், ஆனால் மடங்குவது சந்தேகம் என்கிறார் டாக்டர்.

இனிமேல்தான் விஷயம். அவன் மைத்துனன் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்திருக்கிறான். நேற்று அதை உன் தங்கைக்கு அனுப்பி, கம்பெனிக்குப் பதில் போட்டால் இது போலீஸுக்குப் போகும், உன் அம்மா உள்ளே போவாள் என்று மிரட்டுகிறான். நம் மருமகனும் பதில் போட வேண்டாம் அத்தை என்கிறார், அவர் எப்போதும் தொடைநடுங்கி. நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். தன் அக்கா புருஷன் உதைத்ததையும் எறிந்ததையும் வெட்டி எடுத்துவிட்டான், என் அடியை மட்டும் வைத்திருக்கிறான், ஆனால் மெஷினை வெட்ட மறந்துவிட்டான். என் காலடியில் கிடக்கிறது, நம்பர் தகடு மேலே பார்த்தபடி, நீ விற்பனைக்குப் போட்ட படத்தில் கிட்டே வைத்துப் பிடித்தாயே, அதே நம்பர். படம் பிடிக்கிற அவனே பின்னாலிருந்து, ஐயோ எங்க மெஷினை உடைச்சிட்டாங்களே என்று அலறுகிறான். வரவே வராத மெஷினை நான் எப்படி உடைத்தேனாம்? தன் வாயால் கெட்டது தவளை.

அதனால் டிக்கெட்டை ரத்து செய். கடை அக்கவுண்ட் உன் பெயரில் இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் அந்த வீடியோவையும் நம்பர் தெரிகிற பழைய படத்தையும் நீதான் அனுப்ப முடியும். அவனுக்குத் தனியாக ஒரு வரி போடாதே, திட்டாதே, எழுதுவதெல்லாம் கம்பெனி வழியாகவே இருக்கட்டும். நீ வந்து அவன் கையை ஒடித்தால் அவன் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு ஜெயிப்பான். வீட்டுக்கு ஒருத்தர் அடித்தது போதும், அந்தப் பங்கை நான் தீர்த்துவிட்டேன். உதைத்ததற்கும் கையை முறித்ததற்கும் தனியாகப் போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறோம், பக்கத்துக் கடைக்காரர் சாட்சி சொல்ல வருகிறார், என்னைக் கூப்பிட்டாலும் போவேன், அடித்தாயா என்றால் அடித்தேன் என்பேன்.

உங்கப்பாவும் வீடியோவைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை, தன் கையையும் பார்க்கவில்லை, அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் சக்கரம் சுத்துது பாரு என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெளியே போய் அழுதுவிட்டும் வந்தேன்.

வேளைக்குச் சாப்பிடு, கோபத்தில் பட்டினி கிடக்காதே. நீயும் உன் கைகளும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். மறக்காதே, வீடியோவில் என் முகத்தை மறைக்கிறேன், என் பகுதியை வெட்டுகிறேன் என்று எதுவும் செய்யாதே. நான் இருக்கிற இடத்தில்தான் மெஷினும் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா

கீழே இருக்கிற கோணல் கோடு உங்கப்பா இடது கையால் போட்டது. இனி அதுதான் அவர் கையெழுத்தாம், பழகிக்கொள்ளச் சொல்கிறார்.