குளிர் இறங்கும் நாட்கள்

பெங்களூரு
12.6.2023

அன்பு ஜெசிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். போனில் பேசினால் உனக்குப் பாதிதான் கேட்கிறது. வாட்ஸ்அப்பில் எனக்கு நாலு வார்த்தைக்கு மேல் ஓடுவதில்லை. அதனால் நீ சொன்னபடியே கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கம்பத்துத் திராட்சைக் கிடங்கில் பதினெட்டு வருஷம் கோல்டு ஸ்டோரேஜ் மெக்கானிக்காக இருந்தவனுக்கு இங்கே என்ன வேலை என்று ஊரில் கேட்பார்கள். இப்படிச் சொல்: இவர்கள் குவாண்டம் கம்ப்யூட்டர் செய்கிறார்கள். அதன் மூளை நகத்தளவு சில்லு. அது வேலை செய்ய வானவெளியில் இருப்பதைவிட அதிகக் குளிர் வேண்டும். ஆள் உயரத்துக்கு நிற்கிற மற்றதெல்லாம் அந்தக் குளிரை உண்டாக்கத்தான். மயிரிழை ஓட்டை இருந்தாலும் குளிர் இறங்காது.

ஒன்பது பேர் மூன்று வாரமாகத் தேடிய கசிவை நான் இரண்டாம் நாளே கண்டுபிடித்தேன். பெரிய படிப்புப் படித்த மேலாளர் என்னை "சார்" என்று கூப்பிட்டார். கம்பத்தில் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஒரே ஓர் எந்திரம்தான். ஆறு மாதத்தில் முடிந்துவிடும்.

உன்
ஞானதுரை


ராயப்பன்பட்டி
2.7.2023

அன்புள்ள மச்சானுக்கு,

கடிதம் வந்தது. "சார்" என்ற இடத்தை மட்டும் இரண்டு முறை படித்தேன்.

எதிர்வீட்டுச் சுப்புத்தாய் நேற்று ஏதோ கேட்டாள். எனக்கு "வெளி" என்பது மட்டும்தான் கேட்டது. "சந்தைக்குத்தான் போறேன்" என்றேன். அவள் சிரித்தாள், நானும் சிரித்து வைத்தேன். "அண்ணே வெளிநாட்டுக்கா போயிட்டாக?" என்று கேட்டாளாம். அப்புறம் எழுதிக் காட்டினாள்.

பூசையில் பிரசங்கம் கேட்பதில்லை. எல்லாரும் எழுந்தால் எழுகிறேன். அதுகூடப் பரவாயில்லை. பள்ளிக்கூடத்தில் நான் பாடம் நடத்தும்போது எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து ஏதோ கேட்டாள். மூன்று முறை கேட்டாள். வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது. "பெறகு சொல்றேன்" என்றேன். உட்கார்ந்துவிட்டாள். இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி ஓட்ட முடியும் என்று தெரியவில்லை.

நீங்கள் இருந்தால் கத்தியாவது சொல்வீர்கள். இப்போது வீட்டில் கத்தவும் ஆள் இல்லை.

உங்கள்
ஜெசி


பெங்களூரு
7.1.2024

அன்பு ஜெசிக்கு,

கிறிஸ்துமஸுக்கு வராதது தப்புதான். ஓர் எந்திரம் நாலாகிவிட்டது. நான் வந்தபோது இங்கே பதினாலு பேர். இப்போது நூற்றைம்பதைத் தாண்டிவிட்டது. பேங்க்காரர்கள் வருகிறார்கள், மருந்துக் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். இது எப்போது முழுசாகப் பயன்படும் என்று இங்கேயே பாதிப்பேருக்குத் தெரியாதாம். ஆனாலும் புதுக் கட்டடம் எழும்புகிறது.

எந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும்வரை எல்லாரும் என்னிடம் பேசுகிறார்கள். சாப்பிடப் போனால் அவர்கள் இங்கிலீஷில் கணக்குப் பேசுவார்கள். நான் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி எந்திரத்திடம் வந்துவிடுவேன்.

ஈஸ்டருக்கு நிச்சயம் வருவேன்.

உன்
ஞானதுரை


ராயப்பன்பட்டி
25.8.2024

அன்புள்ள மச்சானுக்கு,

ஈஸ்டரும் போய் மாதாத் திருநாளும் போய்விட்டது. அதைப் பற்றி எழுத உட்காரவில்லை.

மதுரையில் காது டாக்டரைப் பார்த்தேன். உள்ளே இருக்கிற சின்ன எலும்பு இறுகிவிட்டதாம். ஆபரேஷன் செய்தால் கேட்குமாம். நூற்றில் ஒருவருக்கு இருப்பதும் போய்விடலாம் என்று தாளில் எழுதிக் காட்டினார். அக்டோபர் 14 என்று நாள் குறித்திருக்கிறார்கள். கூட யார் இருப்பார் என்று கேட்ட இடத்தில் உங்கள் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. மூன்று நாள் போதும். வந்துவிடுங்கள்.

உங்கள்
ஜெசி


பெங்களூரு
8.10.2024

அன்பு ஜெசிக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பெரிய எந்திரத்தைக் குளிர வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். குளிர் இறங்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். நடுவில் கசிந்தால் எல்லாம் முதலிலிருந்து. அதைப் பார்க்க 16-ம் தேதி பின்லாந்திலிருந்து ஒரு கம்பெனி வருகிறது. இந்தக் கம்பெனியையே வாங்கப் போகிறார்களாம்.

மேலாளரிடம் உன் ஆபரேஷனைச் சொன்னேன். "உங்க இஷ்டம் சார்" என்றார். போகக் கூடாது என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது கிளம்பி வந்திருப்பேன்.

உன் பெரியம்மா மகள் சந்தனம்மாள் அக்காவிடம் பேசிவிட்டேன். உன்கூட வருவார்கள். குளிர் இறங்கியதும் முதல் பஸ்ஸில் வருகிறேன்.

உன்
ஞானதுரை


ராயப்பன்பட்டி
1.12.2024

அன்புள்ள மச்சானுக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அப்போதே செய்தி அனுப்பினேன். மீதியை இப்போது எழுதுகிறேன்.

காதிலிருந்து பஞ்சை எடுத்ததும் அக்கா குனிந்து, "கேக்குதா ஆத்தா?" என்றார்கள். கேட்டது. அக்கா அழுதுவிட்டார்கள். நான் அழவில்லை. வாசல் பக்கம் பார்த்தேன். குளிர் இறங்கிவிட்டது என்று நீங்கள் போட்டோ அனுப்பியது அன்றைக்குத்தான். அதற்கப்புறமும் நீங்கள் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனில் பேசியதை ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எடுத்ததும் பழையபடி கத்தினீர்கள். "மெதுவாப் பேசுங்க, நல்லாக் கேக்குது" என்றேன். அதோடு உங்களுக்குப் பேச ஒன்றும் இல்லாமல் போயிற்று. சாப்பிட்டாயா என்றீர்கள். மழை உண்டா என்றீர்கள். நானும் அவ்வளவுதான் கேட்டேன். நாம் பேசிக்கொள்ளாததற்கெல்லாம் என் காதுதான் காரணம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

உங்களுக்குப் பின்னால் மூச்சு விடுவது போல ஏதோ கேட்டது. "அது என்ன சத்தம்?" என்றேன். பம்ப் என்றீர்கள். அது எப்படி ஓடுகிறது, சத்தம் மாறினால் என்ன கோளாறு, கண்ணை மூடிக்கொண்டே எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று நிறுத்தாமல் சொன்னீர்கள். கல்யாணமாகி இருபத்தொரு வருஷத்தில் அத்தனை சந்தோஷமாக நீங்கள் பேசிக் கேட்டதில்லை. முடிக்கும்போது, பின்லாந்துக்கு வரச் சொல்கிறார்கள், இரண்டு வருஷம்தான், நீயும் வா என்றீர்கள். நான் போனை வைத்துவிட்டேன்.

நீங்கள் போய் வாருங்கள். நான் வரவில்லை. அங்கேயும் நீங்கள் எந்திரத்திடம்தான் இருப்பீர்கள். நான் பாஷை தெரியாத ஊரில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இங்கே எனக்கு வகுப்பு இருக்கிறது. பிள்ளைகள் முணுமுணுப்பதுகூடக் கேட்கிறது.

கோபத்தில் எழுதவில்லை. கோபம் இருந்தது, தீர்ந்துவிட்டது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். இரண்டு வருஷம் என்று மட்டும் சொல்லாதீர்கள். சொன்னால் நான் நாள் எண்ணுவேன். ஊரில் கேட்பவர்களிடம், அவுக அங்கனயே இருக்காக என்று சொல்லிக்கொள்கிறேன்.

கிடங்குக்குள் போட்டுக்கொள்கிற உங்கள் ஸ்வெட்டர் இரண்டையும் துவைத்துப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நீல ஸ்வெட்டரில் முழங்கை கிழிந்திருந்தது. தைத்துவிட்டேன்.

ஜெசிந்தா