அலமாரியில் நிற்கும் சின்னத் துப்பாக்கி

செப்டம்பர் 29, ஞாயிறு மதியம்

அன்புள்ள நீலோ,

இங்கே நாங்கள் கதகதப்பாகவும் வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டும் இருக்கிறோம், நீயும் அந்த அரிசோனா வெயிலில் உடம்பு வாடாமல் இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். முதலில் மன்னித்துவிடு. நம் வீட்டில் யாரும் யாருக்கும் கடிதம் எழுதிய வழக்கமில்லை, வாரம் ஒரு தடவை போனில் பேசுகிறோமே, அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று உறையைப் பார்த்ததும் பயந்திருப்பாய். பயப்பட ஒன்றுமில்லை. போனில் எனக்கு மழை, பனி தவிர வேறெதுவும் வாயில் வருவதில்லை என்பது உனக்குத் தெரியும். நாற்பது வயதில் பட்டம் வாங்க மேடை ஏறினேனே, நம் குடும்பத்திலேயே முதல் ஆளாக, அன்றுகூட என் பெயரைத் தப்பாகப் படித்தவரிடம் இது என் பெயரில்லை என்று சொல்ல நாக்கு எழாமல் கைகுலுக்கிவிட்டு இறங்கி வந்தவள் நான். கையில் பேனா இருந்தால் மட்டும் கொஞ்சம் தைரியம் வருகிறது.

போன செவ்வாய்க்கிழமை முதல் உறைபனி விழுந்தது, அதற்கு முந்தின நாளே உருளைக்கிழங்கு முழுவதையும் தோண்டி நிலவறையில் சேர்த்துவிட்டேன். சவுனா என்கிற நம் நீராவிக் குளியலறை அடுப்பின் புகைக்குழாயை உன் கிளேட்டன் சித்தப்பா மாற்றிக் கொடுத்தார், மாற்றும்போது சட்டை முழுக்கக் கரியாகி, அந்தக் கோலத்திலேயே என் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து கறியும் கிழங்கும் வைத்துச் சுட்ட பாஸ்ட்டி மூன்று சாப்பிட்டார். அப்பாவின் நெஞ்சில் ஜூனில் வைத்த இதயத் துடிப்புக் கருவி ஒழுங்காக வேலை செய்கிறது. முகத்தில் ரத்த ஓட்டம் தெரிகிறது, மாடிப்படியில் பாதியில் நிற்பதில்லை. ஆனால் மான் வேட்டை சீசன் தொடங்கும் நவம்பர் பதினைந்துக்கு இன்னும் ஏழே வாரம்தான் இருக்கிறது, அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். ஆஸ்பத்திரியில் அவரிடம் எந்தக் கையால் எழுதுவீர்கள் என்று கேட்டார்கள், வலது என்றார். அது உண்மைதானே. அதனால் கருவியை இடது பக்கம், தோளெலும்புக்குக் கீழே வைத்துத் தைத்துவிட்டார்கள். எந்தத் தோளில் துப்பாக்கி வைப்பீர்கள் என்று அந்த நகரத்து டாக்டருக்குக் கேட்கத் தோன்றவில்லை, இவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. உன்னைப் போலவே அவரும் இடது தோள்காரர் என்பது, வீட்டுக்கு வந்து நான் சட்டையை மாட்டிவிட்டபோதுதான் எனக்கு உறைத்தது. கட்டு போட்டிருந்த இடமும் துப்பாக்கிக் கட்டை பதியும் இடமும் ஒன்றாக இருந்தன.

செப்டம்பர் பரிசோதனையில் டாக்டர் தெளிவாகவே சொல்லிவிட்டார். "அந்த 30-06 துப்பாக்கியை இந்தப் பக்கம் வைக்கவே கூடாது ராட்னி. சுடறப்ப அது பின்னால உதைக்கற உதையில உள்ள இருக்கற கம்பி அறுந்துச்சுன்னா, நீங்க காட்டுல இருப்பீங்க, நான் இங்க இருப்பேன். உதை கம்மியா இருக்கற ஏதாவது பாருங்க, அதையும் தோளுக்குத் திண்டு வெச்சுச் சுடுங்க" என்றார். அப்பா தலையாட்டினார். திரும்பி வரும் வழியில், இந்த வருஷம் வேட்டைக் கேம்ப்பில் சமைக்க மட்டும் போகிறேன் என்றார். பன்னிரண்டு வயதிலிருந்து ஒரு வருஷம்கூடத் துப்பாக்கி இல்லாமல் போகாத மனிதர் அப்படிச் சொன்னதை நான் நம்பவில்லை, சித்தப்பாவும் நம்பவில்லை. "அண்ணி, இவரு தனியா உக்காந்திருக்கறப்ப கொம்பு வெச்ச மான் ஒண்ணு வந்து நிக்குதுன்னு வெச்சுக்க, கை எந்தத் தோளுக்குப் போகும்? நாப்பது வருஷப் பழக்கம். டாக்டரு மூஞ்சியா அப்ப ஞாபகம் வரும்?" என்றார். மறுநாள் அவர் வேட்டைக்குப் போடும் ஆரஞ்சு நிறக் கோட்டைத் துவைக்க எடுத்தேன். பையில் 30-06 தோட்டா நான்கு இருந்தன. எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு, கோட்டைத் துவைக்காமலே மாட்டிவிட்டேன்.

எனக்குத் தெரிந்ததைச் செய்தேன், உட்கார்ந்து படித்தேன். எந்தத் தோட்டா எவ்வளவு உதைக்கும் என்று ஒரு தாளில் எழுதி வரிசைப்படுத்தினேன். அவருடைய 30-06 உதைப்பது இருபது என்றால் 270 ரகம் பதினேழு, 7mm-08 பன்னிரண்டு பதின்மூன்று, 243 அதற்கும் கீழே, ஒன்பது பத்து. நம் பக்கத்துச் சதுப்பில் எண்பது கஜத்துக்கு மேல் யார் சுடுகிறார்கள், தேவதாரு மரம் மறைக்காமல் அவ்வளவு தூரம் தெரிந்தால்தானே. அந்தத் தூரத்துக்கு 243 தாராளம். குறி மட்டும் சரியான இடத்தில் இருக்க வேண்டும், பெரிய தோட்டாவுக்கும் அதே கதைதான். பெர்னிஸின் துப்பாக்கிக் கடைக்குப் போய்க் கல்லாவுக்கு முன்னால் நின்றேன். யாருக்கு என்று கேட்டாள். எனக்கு என்று பொய் சொன்னேன். "அப்ப 243 எடுத்துக்க மார்சி. நூறு கிரெய்ன் எடைக் குண்டு, தோளுக்குப் பின்னால வை, மான் அந்தா அந்தக் கதவு தூரம் கூடப் போகாது" என்றாள். காப்பி குடித்துக்கொண்டிருந்த ஒரு ஆள், அது பொம்மைத் துப்பாக்கியாச்சே என்று சிரித்தான். பெர்னிஸ் திரும்பிக்கூடப் பார்க்காமல், "உன்கிட்ட பீரங்கியே இருக்கு, போன வருஷம் கறிக்கு என் வீட்டுக் கதவைத்தானே தட்டுன?" என்றாள். அவன் காப்பியோடு வெளியே போய்விட்டான். எனக்கு அன்று முழுவதும் மனசு கொஞ்சம் லேசாக இருந்தது. ஆனால் அவள் கொடுத்த விலைப் புத்தகத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தால், அப்பா அதன்மேல் காப்பிக் கோப்பையை வைத்தார். "இந்த வயசுல ராட்னி அணில் துப்பாக்கி வாங்கிட்டான்னு ஊரே சிரிக்கணுமா?" என்றார். அந்த வார்த்தையை அவர் முன்பு உன்னைப் பார்த்துச் சொன்னது எங்கள் இரண்டு பேருக்குமே ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போய்விட்டார்.

போன சனிக்கிழமை, வலது தோளில் வைத்துப் பழகிக்கொள்கிறேன் என்று 30-06-ஐ எடுத்துக்கொண்டு, சுட்டுப் பழகும் மணல் குழிக்குக் கிளம்பினார். சித்தப்பாவும் நானும் கூடப் போனோம். நாலு சுட்டார், ஒன்றுகூடக் குறித்தாளில் படவில்லை. சித்தப்பா துப்பாக்கியை வாங்கி, திரும்பி நின்று தானே தோட்டா நிரப்பிக் கொடுத்தார், நிஜத் தோட்டாவுக்கு நடுவில் வெற்றுத் தோட்டா ஒன்றைக் கலந்திருந்தது அப்பாவுக்குத் தெரியாது. முதலாவது வெடித்தது. இரண்டாவதற்கு விசையை இழுத்தார், டிக் என்று ஒரு சத்தம்தான், வெடிக்கவே இல்லை, ஆனால் குழல் முனை ஒரு சாண் கீழே குத்தி எழுந்தது, இரண்டு கண்ணும் இறுக மூடியிருந்தன. உதைக்காத துப்பாக்கிக்கு அவர் உடம்பு பயந்ததை மூன்று பேரும் பார்த்தோம். கேலி செய்யாமல் ஒரு மணி நேரம் இருக்க முடியாத சித்தப்பா தன் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எத்தனை வருஷமாடா இப்படி?" என்று அப்பா கேட்டார். "யாருக்குண்ணே தெரியும். வெடிக்கற சத்தத்துல இது தெரியறதில்ல. எனக்கும் இருக்கும், போ" என்றார் சித்தப்பா.

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். மரக்கிடங்கு தாண்டும்போது அப்பா ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். பிறகு, "நீலோ பதிமூணு வயசுல இதைத்தானே தூக்குனான்" என்றார். நான் சாலையைப் பார்த்துக்கொண்டு ஆமாம் என்றேன். "அவன் கண்ணை மூடுனானா?" என்று கேட்டார். மூடினான், இதே குழியில், சீசனுக்கு முந்தின வாரம், மூன்று தடவை மூடினான், நான் பார்த்தேன் என்றேன். "ஏன் சொல்லல?" என்றார். நீலோ, உனக்கும் நான் சொல்லவில்லை. தாத்தாவின் 30-06-ஐ முதல் சீசனுக்குக் கையில் கொடுப்பது நம் வீட்டில் எவ்வளவு பெரிய மரியாதை, அன்று நீ எவ்வளவு நிமிர்ந்து நின்றாய், அதைக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்தேன் போலிருக்கிறது. வயிற்றில் அடிபட்ட அந்த மானை நீயும் அவரும் இரண்டு நாள் சதுப்பில் தேடியதும், கிடைக்காமல் முழங்கால் வரை நனைந்து வந்து நீ கேம்ப் மேஜையில் உட்கார்ந்தபோது, மானை இப்படி விடுகிறவனுக்கு இந்த மேஜையில் இடமில்லை என்று அவர் எல்லார் முன்னாலும் சொன்னதும், நான் வாயைத் திறந்திருந்தால் நடந்திருக்காது. தப்பு உன் கையில் இல்லை. உன் தோளுக்குப் பெரிய துப்பாக்கியைப் பெரியவர்கள் நாங்கள் கொடுத்தோம். பதினொரு வருஷம் கழித்துச் சொல்கிறேன், அதற்கும் சேர்த்து மன்னித்துவிடு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை நான் பள்ளி அலுவலகத்திலிருந்து கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டேன். உன் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. இரண்டு கோடை விறகு வெட்டி நீ வாங்கிய, அவர் அணில் துப்பாக்கி என்ற அந்த இடது கை 243, அலமாரியில் நீ வைத்துப்போன மூலையிலேயே ஐந்து வருஷமாக நிற்கிறது. அப்பா அதைக் கையில் வைத்திருந்தார். கேட்காமல் ஒருவர் துப்பாக்கியை இன்னொருவர் தொடுவது நம் வீட்டில் கிடையாது, அவருடைய அப்பா துப்பாக்கியையே தாத்தா இறந்து ஒரு வருஷம் கழித்துத்தான் எடுத்தார், அப்படிப்பட்டவர். திண்டுகூட வைக்காமல் இடது தோளில் மெதுவாகப் பொருத்தி, ஜன்னல் வழியாக ஆப்பிள் மரத்தைக் குறிபார்த்தார். வாழ்நாள் முழுவதும் வலது கைக்காரர்களின் துப்பாக்கியை எட்டிப் பிடித்தே பழகியவர், முதல் தடவையாகத் தன் கை தானாகப் போகும் இடத்தில், தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் போல்ட்டைத் தேடினார். அங்கே ஓட்டைதான் இருந்தது. அந்த ஓட்டையில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு தன் சட்டை நுனியால் குழலைத் துடைத்து, இருந்த மாதிரியே வைத்துவிட்டு, திரும்பியபோது என்னைப் பார்த்தார். "தூசு படிஞ்சிருந்துச்சு" என்றார். ஆமாம் என்றேன்.

வேறென்ன. சுரங்கத்தில் வேலை முடிந்ததும் தண்ணீர் நிறையக் குடி, தலைவலி என்றாயே, அது தண்ணீர் போதாததால்தான். உன் குளிர்கால பூட்ஸை எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன், உன் கால் இனி வளராது என்பதால் சரியாகவே இருக்கும். போகும் வழியெல்லாம் உனக்கு வெளிச்சமாக இருக்கட்டும், உன் கையால் எந்த உயிரும் வீணாக வதைபடாமல் இருக்கட்டும், உன் மனசில் இருக்கிற அந்த இரண்டு நாளும் இனியாவது உன்னை விடட்டும் என்று ஞாயிறுதோறும் வேண்டிக்கொள்கிறேன்.

என்றும் உன்,
அம்மா மார்சி

கையெழுத்துப் போட்ட பிறகுதான் கேட்க வருகிறது. நீ கிளம்பிய அன்று உன் 243-இன் போல்ட்டைக் கழற்றிக் கம்பளிக் காலுறையில் சுற்றிப் பையின் அடியில் வைத்ததை நான் பார்த்தேன், அதையும் அன்று சொல்லவில்லை. அதைக் கொடு நீலோ. அப்பா கேட்கச் சொல்லவில்லை, அவருக்குக் கேட்க வராது, அதனால் நான் கேட்கிறேன். தபாலில் வந்தாலும் அவருக்குப் போதும், அவர் கோட்டுப் பையிலிருந்து அந்த நான்கு தோட்டாக்களை நானே எடுத்துவிடுவேன். உன் கையால் கொண்டுவர முடிந்தால், நவம்பர் பதினான்காம் தேதி மாலை கேம்ப் மேஜையில் உன் இடத்தில் ஒரு தட்டு வைக்கிறேன். வைக்கட்டுமா?