ஒன்பதாம் அத்தியாயத்தில் மாமா

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? நீ கடிதம் போட்டு ஒரு மாதமாகிறது. அச்சகத்தில் கை ஒழியவில்லை என்று சாக்குச் சொல்லாதே.

நாவலை முடித்துவிட்டேன். மருந்துக்கடைக்கு ஆள் வராத மதியங்களில் எழுதியே நானூறு பக்கம். பதிப்பகத்துக்கு அனுப்பத் துணிச்சல் வரவில்லை. முன்பின் தெரியாதவர் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினால் நான் தாங்க மாட்டேன். நீயே அச்சடித்துத் தருவாயா?

உன் அக்கா

ஜூலை 28

அன்புள்ள அக்காவுக்கு,

நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது பதிப்பகம் எதற்கு? தினமும் வேலை முடிந்ததும் உட்கார்ந்து எல்லாப் பக்கத்தையும் அச்சுக் கோத்துவிட்டேன். மூன்று தடவை பிழை பார்த்தேன், ஒரு குறை கண்ணில் படவில்லை. மாதிரிப் பிரதி இத்துடன் வருகிறது. சரி என்று ஒரு வார்த்தை சொல், முந்நூறு பிரதி அடித்துவிடுகிறேன்.

பாசமுள்ள தம்பி

ஆகஸ்ட் 9

என் தங்கமான தம்பிக்கு,

பிரதியைத் தடவித் தடவிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்த மாமா அதை எடுத்துப் படித்தார். கதையில் வரும் தாய்மாமன் தான்தான் என்று அவருக்கு ஒரே பெருமை. சாயங்காலம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, மூணாம் அத்தியாயத்துல என்னைக் கொன்னுட்ட. சரி, போகட்டும். ஒன்பதாம் அத்தியாயத்துல நான் எப்படி வந்து குழாய் மாத்துறேன்?"

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பிறகு அழுகை வந்துவிட்டது. நான் ஆறு தடவை படித்தேன், நீ மூன்று தடவை. மாமா நிஜத்தில் கல்லுப்போல நடமாடுவதால் கதையில் அவர் செத்தது நம் இரண்டு பேருக்கும் உறைக்கவே இல்லை.

நம்மைத் தெரியாத ஒருவர் இதைப் படிக்க வேண்டும், தம்பி. நீ பட்ட பாட்டை நினைத்தால் இதை எழுதக் கை வரவில்லை.

அக்கா

ஆகஸ்ட் 17

அக்கா,

கோபம்தான். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிறகு யோசித்தேன். நீ எழுதியது என்றாலே எனக்கு எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. தம்பிக்கு அது சரி, புத்தகத்துக்கு ஆகாது.

எங்கள் அச்சகத்துக்கு ஒரு பதிப்பாளர் அம்மா வருவார். காற்புள்ளிக்கே சண்டைக்கு நிற்பார். முகவரி பின்பக்கம் இருக்கிறது. பயப்படாமல் அனுப்பு.

தம்பி

ஜனவரி 12

அன்புத் தம்பிக்கு,

அந்த அம்மா ஏற்றுக்கொண்டார். எண்பது பக்கத்தை வெட்டச் சொன்னார். ஒரு வாரம் அவரை மனசுக்குள் திட்டினேன். மறுபடி படித்துப் பார்த்தால், அவர் சொன்னதுதான் சரி. போனதெல்லாம் நீயும் நானும் பள்ளிக்கு மட்டம் போட்டுப் பேருந்தில் சுற்றிய கதை. வெளியார் படிக்க அதில் ஒன்றும் இல்லையாம்.

அந்த எண்பது பக்கத்தையும் உனக்கு அனுப்புகிறேன். இரண்டே பிரதி அடி. உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. பிழை பார்க்காதே.

உன் அக்கா